கடைசியாக வருபவரைப் பார்த்து ஓட்டத்தைத் தெரிவு செய்வோம்



மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியாச்சு. இப்ப பின்னேரம் ஏழு மணிக்கும் லண்டனில் வெளிச்சம் இருக்குது. வழமைபோல எங்கட வட்ஸ்அப் குழுவில் சைக்கிள் ஓட்டங்களின் அறிவித்தல்கள் குவியத் தொடங்கிவிட்டன. நிதி சேர்க்கிற ஓட்டம், கழகங்களின் ஞாயிறு ஓட்டம், மாதாந்தக் கிறிட்டிக்கல் மாஸ், ஜூலையில் இரவு முழுக்க ஓடுகிற டன்விச் டைனமோ என்று ஒரு நீண்ட பட்டியல். மே தொடக்கம் செப்டம்பர் வரை நாங்கள் கூட்டாகப் போகக்கூடியது அதில் ஐந்தோ ஆறோதான். எவை என்று இந்த மாதக் கூட்டத்தில் வாக்கெடுக்கப் போகிறோம்.

வாக்குப் போட முதல் ஒரு விசயம் சொல்ல வேண்டும். இதுவரை நாங்கள் ஓட்டங்களைத் தெரிவு செய்த விதம் பிழை. எத்தனை மைல், எந்த நோக்கத்துக்கு, எந்த ரீசேட் என்று பார்த்தோம். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இந்த ஓட்டத்தில் கடைசியாக வருகிறவருக்கு என்ன நடக்கும்?

இதை நான் போன வருச ஜூலையில்தான் படித்தேன். நிதி சேர்க்கிற ஓட்டம் ஒன்றுக்குப் பதினொரு பேர் போனோம். ஐம்பது மைல். என்னுடைய மச்சாளும் வந்தவ. பழைய, பாரமான சைக்கிள். ஆனாலும் அதுக்காகவே ஆறு கிழமை வேலை முடிய ஓடிப் பழகினவ. இரண்டாவது ஏற்றத்தில் பின்தங்கினா. நாங்கள் மேலே நிற்கவில்லை. "வருவா, வருவா" என்று சொல்லிக்கொண்டே இறக்கத்தில் விட்டோம். பின்னால் வந்த வானில் இருந்தவர்கள் ஏறச் சொன்னார்களாம். இவ ஏறவில்லை. பக்கத்து ஊர் ஸ்ரேசனுக்குத் தள்ளிக்கொண்டு போய், தனிய ரயில் எடுத்து வீட்டை போய்ச் சேர்ந்தா. அந்த நேரம் நாங்கள் முடிவுக் கோட்டில் பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு நின்றோம். அந்தப் படம் எங்கட செய்திமடலிலும் வந்தது. அதில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். மச்சாளின் சைக்கிள் இன்றைக்கும் பல்கனியில் சும்மா நிற்குது.

இதில் ஒழுங்கமைப்பாளர்களில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் வான் அனுப்பினார்கள். ஓர் அமைப்பு என்று சொல்லிக்கொண்டு போன நாங்கள்தான் ஆளை விட்டுவிட்டுப் போனோம்.

"அது ஸ்போர்ட்ஸ் தானே, எல்லாரும் ஒரே வேகத்தில் ஓட ஏலுமா?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. வேகமாக ஓட விரும்புகிறவர்கள் ஓடட்டும். நல்ல கழகங்கள் அதை நேர்மையாகவே செய்கின்றன. மணிக்கு 12 மைல் குழு, 16 மைல் குழு என்று முதலே எழுதிப் போடுகிறார்கள். எந்தக் குழு யாரையும் விடாமல் போகும், எது காத்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். வேகமாக ஓடியதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. "எல்லாரும் வாங்கோ" என்று கூப்பிட்டுவிட்டு, வேகமான ஆளுக்கு ஏற்ற மாதிரி ஓடியதைத்தான் சொல்கிறேன். எங்கட கூட்டங்களிலும் இதே வியாதி இருக்கிறது. வாசித்தவர், பேசத் தெரிந்தவர் முன்னுக்குப் போய்விடுவார். புதிதாக வந்தவர் இரண்டாம் கூட்டத்துக்கு வரமாட்டார். பிறகு "ஆக்கள் வருகினமில்லை" என்று நாங்களே கவலைப்படுவோம்.

இடதுசாரிகளுக்கும் சைக்கிளுக்கும் இந்த நாட்டில் பழைய உறவு உண்டு. 1894இல் பர்மிங்காமில் 'கிளாரியன்' என்ற சோசலிசப் பத்திரிகையின் வாசகர்கள் ஒரு சைக்கிள் கழகம் தொடங்கினார்கள். ஞாயிறுகளில் கூட்டமாக ஓடிப்போய்க் கிராமங்களில் பத்திரிகையும் துண்டுப்பிரசுரமும் கொடுத்தார்கள். தொழிலாளர்கள் ஓய்வு நாளில் போய் இருந்து தேத்தண்ணி குடித்துக் கதைக்க கிளாரியன் இல்லங்கள் எழுந்தன. லங்காஷையரில் நெல்சன் நகரத்துக்குப் பக்கத்தில் 1912இல் கட்டியது இன்னும் ஞாயிறுகளில் திறந்திருக்கிறது. அவர்களுடைய அரசியல் நடந்தது சைக்கிளை நிறுத்தி இறங்கிய இடங்களில்தான். நிற்காத ஓட்டத்தில் யாரோடும் கதைக்க முடியாது.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்ததையும் பலர் அறிந்திருப்பீர்கள். அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று ஊக்குவித்தார். பத்திரிகையாளர் சாய்நாத் அதை விரிவாக எழுதியிருக்கிறார். வயல் வேலை, கல் குவாரி வேலை செய்த பெண்கள் ஆயிரக்கணக்கில் ஏறி ஓடினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது ஜென்ஸ் சைக்கிளில் பழகினார்கள். அங்கே கணக்கு, ஓடத் தெரியாத எத்தனை பேர் ஓடத் தொடங்கினார்கள் என்பதுதான்.

சரி, இந்த வருசப் பட்டியலுக்கு வருவோம்.

கிறிட்டிக்கல் மாஸ்: 1992இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. லண்டனில் 1994இலிருந்து ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளி பின்னேரம், தேம்ஸின் தென்கரையில், வோட்டர்லூ பாலத்தின் கீழ் கூடுகிறார்கள். கட்டணம் இல்லை, பதிவு இல்லை, தலைவர் இல்லை. மெதுவாகத்தான் போகும். சந்திகளில் சிலர் நின்று மறித்து, கடைசி ஆள் போகும்வரை வழி விடச் செய்வார்கள். என்னுடைய கேள்விக்கு நல்ல விடை அதுதான். ஆனால் இரண்டு விசயம் யோசிக்க வேண்டும். முதலாவது பொலிஸ். முன்னறிவித்தல் கொடுக்கத் தேவையில்லை என்று 2008இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் 2012 ஒலிம்பிக் தொடக்க விழா இரவு 182 பேரைக் கைது செய்தார்கள். கடைசியில் தண்டிக்கப்பட்டது ஒரு சிலர் மட்டுமே. பிரித்தானியப் பாஸ்போட் வைத்திருக்கிற எனக்கு அது ஒரு கதை. விசா முடிவுக்குக் காத்திருக்கிற தோழருக்கு ஓர் இரவுக் கைதே பெரிய விசயம். ஆகவே போக முதல் அதை வெளிப்படையாகக் கதைக்க வேண்டும். வராதவரைப் பயந்தவர் என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது நேரம். உணவு விநியோகம் செய்கிற தோழர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். எங்கள் எல்லாரையும்விட அதிகம் சைக்கிள் ஓடுகிறவர் அவர்தான். அவருக்கு மணித்தியாலக் கூலி இல்லை, ஓடருக்குத்தான் காசு. வெள்ளி பின்னேரம்தான் அவருடைய உழைப்பு நேரம். நாங்கள் தொழிலாளர் உரிமை என்று கோசம் போட்டுக்கொண்டு பாலத்தின் கீழ் கூடுகிற நேரத்தில், அவர் இறைச்சி றொட்டியை முதுகில் சுமந்துகொண்டு அதே பாலத்தைக் கடப்பார். "உங்கட ஓட்டம் ஒண்டும் எனக்கு ஏலாது, நான் ஓடினால்தான் வாடகை" என்று அவர் சொன்னது பகிடியாகத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த நேரம் ஏலும் என்று கேட்டேன். ஞாயிறு காலை, மத்தியான ஓடர்கள் தொடங்க முதல் என்றார். இந்தக் கேள்வியை இவ்வளவு காலம் நாங்கள் கேட்கவேயில்லை.

டன்விச் டைனமோ: ஜூலை முழுநிலவை அண்டிய சனி இரவு, ஹக்னியின் லண்டன் ஃபீல்ட்ஸில் தொடங்கி விடியப்புறம் சஃபோக் கடற்கரையில் முடியும். ஏறத்தாழ 180 கிலோமீற்றர். கட்டணமும் இல்லை, பின்னால் வருகிற வானும் இல்லை. அழகான ஓட்டம், நான் போயிருக்கிறேன். ஆனால் அதை அமைப்பின் ஓட்டமாக வைக்கக் கூடாது. விரும்புகிறவர்கள் நாலு நாலு பேராக, ஒரே வேகத்தில் போவதென்று பேசிவைத்துப் போகட்டும். நாலில் ஒருவருக்குக் காற்றுப் போனால் நாலு பேரும் நிற்க வேண்டும். திரும்பி வருகிற வழியையும் முதலே ஒழுங்கு செய்யுங்கோ. கடற்கரையில் நித்திரை தூங்கிக்கொண்டு யோசிக்கிற விசயம் இல்லை அது.

நிதி சேர்க்கிற ஓட்டம்: இங்கேதான் எனக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். போன வருசம் சேர்த்த காசு ஊரில் ஒரு முன்பள்ளிக்குப் போனது. அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் என் மச்சாளின் மனவருத்தம் சின்ன விசயம் என்று நீங்கள் சொல்லலாம். நான் அந்த ஓட்டத்தை விடச் சொல்லவில்லை. ஒன்றை விட்டு ஒன்றைத் தெரிவு செய்யத் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன். காசு கொடுத்தவர்கள் ஒருவரும் நாங்கள் எத்தனை மணிக்கு முடித்தோம் என்று கேட்கவில்லை. மூன்று மணித்தியாலம் பிந்தி, பதினொரு பேரும் ஒன்றாக வந்திருந்தாலும் அதே காசுதான் சேர்ந்திருக்கும்.

ஆகவே நான் வைக்கிற முன்மொழிவு:

மே மாதம், ஞாயிறு காலை ஒன்பதரைக்கு, கிறீன்வே பாதை. ஹக்னி விக்கிலிருந்து பெக்டன் வரை ஏழு கிலோமீற்றர், கார் இல்லை, ஈஸ்ற்ஹாம் சனத்துக்கு வீட்டுக்குப் பக்கம். ஓடத் தெரியாதவர்கள் இப்பவே தங்கள் கவுன்சிலில் விசாரிக்கட்டும். லண்டனில் பல கவுன்சில்கள் பெரியவர்களுக்கும் இலவசமாகப் பழக்குகின்றன. ஜூன் மாதம் லீ ஆற்றங்கரையால் வோல்தம் அபி வரை, அங்கே இருந்து தேத்தண்ணி. கிறிட்டிக்கல் மாஸ் இரண்டு தரம், போக முதல் சட்ட விளக்கத்தோடு. டன்விச் விரும்பியவர்களுக்கு. செப்டம்பரில் நிதி ஓட்டம்.

எல்லா ஓட்டத்துக்கும் மூன்று விதி. ஒன்று, இரண்டு பேர் எப்போதும் கடைசியில் வருவார்கள், சுழற்சி முறையில். அவர்களில் ஒருவராவது நன்றாக ஓடக்கூடியவராகவும், ரியூப் மாற்றத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஏற்றத்தின் மேலும் எல்லாரும் வரும்வரை நிற்போம். கடைசியாக வந்தவர் மூச்சு வாங்கி, தண்ணி குடித்த பிறகுதான் வெளிக்கிடுவோம். அவர் வந்தவுடன் நாங்கள் கிளம்பினால், களைத்தவருக்கு மட்டும் ஓய்வில்லை. மூன்று, றோட்டில் புதியவரின் பக்கத்தில் ஒருவர் சேர்ந்து ஓடுவார். இரண்டு இரண்டு பேராக ஓடலாம், புதியவர்களோடு போகும்போது அது பாதுகாப்பானதும் கூட என்று நெடுஞ்சாலைக் கோவையின் 66ஆம் விதியே சொல்கிறது. கார்க்காரர் ஹோன் அடித்தால் அடிக்கட்டும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவ 1995 ஒக்ரோபர் 30 இரவைப் பற்றிக் கதைத்தா. வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட இரவு. வீட்டில் இரண்டு சைக்கிள் இருந்ததாம், ஒருவரும் ஏறி ஓடவில்லையாம். ஒன்றின் கரியரில் அம்மம்மா, மற்றதில் அரிசியும் உடுப்பும். "ஓடியிருந்தா வெள்ளெனப் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனா ஆர் போய்ச் சேருறது?" என்று கேட்டா. அந்த இரவை எங்கட கோடைகால ஓட்டத்தோடு ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்களுக்கும் உரியதுதான்.

கூட்டத்தில் வேறு முன்மொழிவு இருந்தால் கொண்டு வாங்கோ, வாதாடுவோம். மே ஓட்டத்துக்குப் பின்னால் வர நான் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். ரியூப் மாற்ற எனக்கு இன்னும் சரியாக வராது. ஆகவே கை பழகின ஒருவர் என்னோடு வேணும். மச்சாளையும் கேட்டேன். இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் சைக்கிளுக்குக் காத்து அடிக்க பம் இருக்கா என்று நேற்று கேட்டவ.