பழைய ஜீப் வாங்கப் போறீங்களா? பெயின்ட்டைப் பார்க்காதீங்க, அடியில குனிஞ்சு பாருங்க!

பழைய தார், ஜிப்ஸி, பொலேரோ விற்பனை விளம்பரங்களில் வரும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பளபளக்கும் கறுப்பு பெயின்ட், தடித்த டயர், கூரையில் விளக்கு வரிசை. வண்டிக்கு அடியில் இருந்து எடுத்த படம் மட்டும் ஒன்றுகூட இருக்காது. வடசென்னையில் பழைய ஆஃப்-ரோடு வண்டி வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது, எடுக்கப்படாத அந்தப் படத்தில்தான்.

ராயபுரத்தில் வீடு, காட்டுப்பள்ளியிலோ மணலியிலோ வேலை என்று இருக்கும் இளைஞர்களுக்கு இப்படி ஒரு வண்டி மேல் ஆசை வருவது இயல்பு. வாரம் முழுக்க கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குண்டும் குழியுமான ரோடு, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர், விடுமுறை கிடைத்தால் பழவேற்காடு அல்லது கொல்லிமலை. புது வண்டி விலை கைக்கு எட்டாதபோது பழையதைத் தேடுவதில் தப்பே இல்லை. ஆனால் எந்த வரிசையில் எதைப் பார்ப்பது என்பதில்தான் பல லட்சம் தங்குவதும் போவதும் இருக்கிறது. முதலில் சேஸிஸ், அடுத்து காகிதம், அதற்குப் பிறகுதான் இன்ஜின். பெயின்ட்டும் டயரும் கடைசி.

ஃபோர்-வீல் டிரைவ் நிஜமாகவே வேண்டுமா?

குழி விழுந்த ரோட்டுக்குத் தேவை தரையிலிருந்து நல்ல உயரமும் உறுதியான சஸ்பென்ஷனும். அதற்குப் பின்சக்கரத்தில் மட்டும் இயங்கும் பொலேரோவே போதும். மணல், சேறு, செங்குத்தான மலைப்பாதை என்று அடிக்கடி போகிறவருக்குத்தான் நான்கு சக்கர இயக்கம் பயன்படும். மற்றவர்களுக்கு அது கூடுதல் எடை, கூடுதல் டீசல், கூடுதல் பராமரிப்புச் செலவு.

வேண்டும் என்றே முடிவெடுத்தாலும் பெயரை மட்டும் நம்பக் கூடாது. ‘தார்னாலே ஃபோர்-வீல்தானே?’ என்று பலர் நினைக்கிறார்கள். 2023 ஜனவரியில் பின்சக்கர இயக்கம் மட்டுமே உள்ள தார் மாடல்களும் விற்பனைக்கு வந்தன. டஸ்டரிலும் குறிப்பிட்ட வேரியன்ட்டில் மட்டும்தான் நான்கு சக்கர இயக்கம் உண்டு. 1985-ல் அறிமுகமான ஜிப்ஸி எளிமையானது, எடை குறைந்தது. ஆனால் 2019 வாக்கில் அதன் விற்பனை நின்றுவிட்டதால், இன்று கைக்கு வருபவற்றில் பல நன்றாக வயதானவை.

உப்புக்காத்து என்ன செய்யும்?

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் ரோட்டை ஒட்டியே வருகிறது. காற்றில் வரும் உப்பு, இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே பெய்யாவிட்டாலும் துரு நிற்காது. அனல்மின் நிலையச் சாம்பலும் ரோட்டுப் புழுதியும் அதோடு சேர்ந்தால் அந்த ஈரம் சீக்கிரம் காயாது.

ஆஃப்-ரோடு வண்டிகளில் பெரும்பாலானவை ஏணி வடிவ சேஸிஸ் மீது கட்டப்பட்டவை. அந்தச் சட்டத்தின் உள்பக்கம் வெற்றிடம். தண்ணீர் வடியும் துளைகள் சேறால் அடைத்துக்கொண்டால், உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியில் தெரியும்போது பாதி இரும்பு போயிருக்கும். கதவில் துரு இருந்தால் டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து முடித்துவிடலாம். சேஸிஸ் இற்றுப்போனால் அந்த வண்டியை ஓட்டுவதே ஆபத்து.

அதனால் வண்டியை லிஃப்ட்டிலோ சர்வீஸ் பள்ளத்தின் மேலோ நிறுத்திப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. பார்க்க வேண்டியவை:

- ஸ்பிரிங் பட்டைகள் சேஸிஸுடன் சேரும் இடம், பாடி மவுன்ட்டுகள், பின்பக்கக் குறுக்குச் சட்டம். துரு முதலில் பிடிப்பது இங்கேதான்.
- சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் நல்ல இரும்பு ‘டங்’ என்று ஒலிக்கும். மந்தமான சத்தமோ உதிரும் செதிலோ வந்தால் விலகிவிடலாம்.
- அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால், எதை மறைக்க என்று கேட்க வேண்டும்.
- வெல்டிங் தழும்புகள், சேஸிஸ் எண்ணைச் சுற்றித் தேய்த்த தடம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையும் சென்னையில் ஏராளமான வண்டிகளை மூழ்கடித்தன. 2023-ல் வடசென்னைக்கு இன்னொரு அடியும் விழுந்தது. மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், வெள்ளத்தோடு கலந்து எண்ணூர் கழிமுகத்துக்கும் எர்ணாவூர் பகுதித் தெருக்களுக்கும் பரவியது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டியில் துரு மட்டுமல்ல, ரப்பர் புஷ், சீல், ஹோஸ் ஆகியவையும் ஊறிக் கெட்டிருக்கலாம்.

பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றி, வாசனை ஸ்பிரே அடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் சில இடங்களில் தடயம் தங்கிவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் நுனியில் சேற்றுக்கறை இருக்கும். தரைவிரிப்பைத் தூக்கினால் சீட் போல்ட்டுகளில் துரு தெரியும். வயரிங் சாக்கெட்டுகளில் பச்சை படிந்திருக்கும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். 2023 டிசம்பரை ஒட்டிய மாதங்களின் சர்வீஸ் பில்லையும் இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேட்பது நல்லது. ‘பில் எல்லாம் எதுக்கு சார், வண்டியைப் பாருங்க’ என்ற பதில் வந்தால், அதுவே ஒரு பதில்தான்.

ஓட்டிப் பார்க்கும்போது

ஆறிய இன்ஜினைத்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போகலாம். நான்கு சக்கர இயக்கத்தை மண் தரையில் சோதிக்க வேண்டும். தார், ஜிப்ஸி போன்றவற்றில் அதைக் காய்ந்த ரோட்டில் போட்டு வளைத்தால் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். லோ ரேஞ்ச் கியர் சத்தமில்லாமல் விழ வேண்டும், முன்சக்கரங்களும் உண்மையில் இழுக்க வேண்டும். வருடக்கணக்கில் தொடாத லிவர் இறுகிப்போயிருப்பது சகஜம். ஜிப்ஸியில் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் படபடவென ஆடினால், முன் ஆக்ஸில் வேலை காத்திருக்கிறது.

காகிதத்தில் கோட்டை விட வேண்டாம்

சேஸிஸ், இன்ஜின் எண்களை ஆர்.சி.யோடும் பரிவாஹன் தளத்தோடும் ஒப்பிட வேண்டும். கடன் பாக்கி, இ-சலான் நிலுவை, இன்சூரன்ஸ் ஆகியவையும் அப்படியே. கடன் இருந்து அடைத்திருந்தால் படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28 தடையின்மைச் சான்று தேவை. வாங்குபவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்ற வழக்கம் விற்பவருக்கும் ஆபத்து. விற்ற பிறகும் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ, விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஜொலிக்கும் மாற்றங்களிலும் கவனம் தேவை. தயாரிப்பாளர் வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத மாற்றங்களைக் காட்டி இன்சூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல் எழலாம். ரொம்ப மலிவாக வரும் வெளிநாட்டு ஆஃப்-ரோடு வண்டிகளும் சந்தேகத்துக்குரியவை. 2025 செப்டம்பரில் கேரளத்தில், பூடான் வழியாக முறைகேடாகக் கொண்டுவரப்பட்டதாகச் சந்தேகித்துப் பல வண்டிகளைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. வண்டி போய்விட்டால், கொடுத்த பணம் திரும்பும் என்று எந்தப் புரோக்கரும் உத்தரவாதம் தர மாட்டார்.

பட்ஜெட் கணக்கு

கையில் 6 லட்சம் இருந்தால் 5 லட்சத்துக்குள்தான் வண்டி பார்க்க வேண்டும். மீதி, முதல் ஆறு மாதச் செலவு: டயர், கிளட்ச், புஷ், பெல்ட், எல்லா ஆயிலும், அடிப்பாகத் துருத் தடுப்பு. ஸ்பேர் பார்ட்ஸுக்குப் புதுப்பேட்டை கைகொடுக்கும். ஆனால் பிரேக், ஸ்டியரிங் பாகங்களில் மிச்சம் பிடிக்கக் கூடாது. 15 ஆண்டைத் தொட்ட வண்டி என்றால் மறுபதிவுக் கட்டணம், எஃப்.சி., பசுமை வரி ஆகியவற்றையும் கூட்ட வேண்டும். 600 ரூபாயாக இருந்த கார் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலிலேயே 5,000 ரூபாயாகிவிட்டது.

ஆர்.சி.யில் ஒரு வரி போதும்

இவ்வளவும் வாங்குபவர் தலையில்தான் விழ வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. அமெரிக்காவின் பல மாநிலங்களில், வெள்ளத்தில் மூழ்கி இன்சூரன்ஸ் நிறுவனம் முழு இழப்பு என்று அறிவித்த வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே அது பதிவாகிவிடும். இங்கே ஆர்.சி.யில் அப்படி ஒரு குறிப்புக்கு இடமே இல்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிந்த உண்மை, அடுத்த குடும்பத்துக்குத் தெரியாமலே வண்டி கைமாறுகிறது. அந்தக் கிளெய்ம் விவரம் பரிவாஹனில் ஒரு வரியாகத் தெரிந்தால் போதும், பாதி மோசடி நின்றுவிடும். சில வருடங்களுக்கு ஒருமுறை மூழ்கும் ஊருக்கு அது சலுகை இல்லை, அவசியம்.

அந்த வரி வரும்வரை, 500, 1,000 ரூபாய் கொடுத்துத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்வதுதான் வழி. அதற்குச் சம்மதிக்காதவரிடம் வண்டி வாங்க வேண்டாம். ஜீப் இன்னொன்று வரும்.