பாக்ஸ்ப்ரோ போயிற்று, பேரேடும் போக வேண்டுமா?

1990-களில் நம் நாட்டின் சிறு ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் நுழைந்தபோது, கூடவே நுழைந்த புரோகிராம் பாக்ஸ்ப்ரோ. ஆள் பெயர், டோக்கன் நம்பர், சிப்ட், சம்பளம், பிடித்தம் எல்லாம் அதில் ஏறின. கோவை, திருப்பூர் வட்டாரமும் இதற்கு விலக்கல்ல. இன்று அந்தப் புரோகிராமுக்கு நாதியில்லை. "இது குமாஸ்தா விவகாரம், பவர்டேபிளில் உட்காரும் எங்களுக்கென்ன?" என்று தோழர்கள் கேட்கலாம். விவகாரம் நேரே தொழிலாளியின் மடியில்தான் வந்து விழுகிறது.

பாக்ஸ்ப்ரோவை உண்டாக்கியது அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்திலிருந்த பாக்ஸ் சாப்ட்வேர் என்ற சின்னக் கம்பெனி. 1992-ல் மைக்ரோசாப்ட் அதை விலைக்கு வாங்கியது. 2007-ல், இனி புதுப் பதிப்பு கிடையாது என்று அறிவித்தது. 2015 ஜனவரியோடு பராமரிப்பும் நின்றது. உலகெங்கும் எத்தனை ஆபீஸ்களின் கணக்கு அதில் இருக்கிறது என்பது பற்றி ஏகபோகத்துக்குக் கவலையில்லை. பழைய டாஸ் பாக்ஸ்ப்ரோ இன்றைய 64 பிட் விண்டோஸில் நேராக ஓடவே ஓடாது. ஆகவே, பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அதிலுள்ள கணக்கும் படுத்துவிட்டது என்று பல இடங்களில் முடிவு கட்டுகிறார்கள்.

இங்கேதான் முதலாளிக்கு வசதி பிறக்கிறது. ஒரு தொழிலாளியின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 வருஷம் உழைத்து விலகுகிறார். வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் ஒரு வருஷத்துக்கு 7,500. 12 வருஷத்துக்கு 90,000 ரூபாய் கிராஜுவிட்டி. 1972-ம் வருஷச் சட்டத்திலும் இதுவே கணக்கு; 2025 நவம்பர் 21 முதல் அமலான தொகுப்புச் சட்டத்திலும் இதுவே கணக்கு. ஆனால், "பழைய சாப்ட்வேர் போய்விட்டது, புதியதில் நாலு வருஷம்தான் காட்டுகிறது" என்று நிர்வாகம் கையை விரித்தால்? நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்து வருஷச் சர்வீஸ் வேண்டும் என்பது விதி. 90,000 பூஜ்யமாகிவிடும்! 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் ஒரேயடியாக மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். பட்டறைக் கதவு மூடும் நாளில், சர்வீஸுக்கு அத்தாட்சி தொழிலாளியின் கையில் இல்லாவிட்டால் அவர் எதைக் காட்டுவார்?

கணக்கு போய்விட்டது என்பது பெரும்பாலும் பொய். பாக்ஸ்ப்ரோ தன் கணக்கை டி.பி.எப். என்ற பைலில் வைக்கிறது. புரோகிராம் செத்தாலும் பைல் சாகாது. வேறு பல புரோகிராம்கள் அதைத் திறக்கும். இன்னொரு சங்கதியும் உண்டு. பாக்ஸ்ப்ரோவில் ஒரு பெயரை 'நீக்கு' என்றால் அது அழிவதில்லை. அடையாளம் மட்டும் இடப்பட்டு மறைந்து நிற்கும். 'பேக்' என்று தனிக் கட்டளை கொடுத்தால்தான் உண்மையில் போகும். ஆளையும் நீக்கி, பெயரையும் நீக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் மானேஜர்கள் இதை அறிவது நல்லது. நமது வக்கீல் தோழர்கள் அறிவது அதைவிட நல்லது.

சரி, சங்கக் காரியாலயத்துக்கு மாற்று என்ன? மாத வாடகைக்குப் புரோகிராம் தருகிறோம் என்று வியாபாரிகள் வருகிறார்கள். கணக்கு அவர்கள் சர்வரில் இருக்கும். வாடகை நின்றால் கதவு சாத்தப்படும். உறுப்பினர் பட்டியலை அந்நியன் பெட்டகத்தில் வைத்துவிட்டு ஸ்தாபனம் நடத்த முடியுமா? வேண்டவே வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம்.

லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. ஆரக்கிள் கம்பெனி சன் கம்பெனியை விழுங்கிய 2010-ல், ஓப்பன் ஆபீஸில் வேலை செய்தவர்களில் பலர் பிரிந்து வந்து கட்டியது. காசில்லை, மூலமே எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. அதிலுள்ள கால்க் பழைய டி.பி.எப். பைலை அப்படியே திறக்கும். பேஸ் என்ற பகுதியில் பேரேடு வைக்கலாம். எஸ்.கியூ.லைட் என்ற இன்னொன்றும் உண்டு. 2000-ல் வெளிவந்து, யாருக்கும் உரிமையில்லாத பொதுச் சொத்தாக விடப்பட்டது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அது இருக்கிறது. இதெல்லாம் நமக்கு எட்டாத வித்தை அல்ல. 2011-ல் சர்க்கார் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். அவர்களைக் காரியாலயத்துக்கு அழைக்க வேண்டும்.

ஆரம்பத்தில் கொஞ்சமாகவே வைத்துக்கொள்வோம். பெயர், கம்பெனி, சேர்ந்த தேதி, பி.எப். நம்பர், ஈ.எஸ்.ஐ. நம்பர், சந்தா, இவ்வளவு போதும். தமிழ்ப் பெயர்கள்தான் தொல்லை தரும். பழைய எழுத்துருவில் ஏற்றியவை புதிய இடத்தில் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, ஆதாரில் உள்ள எழுத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். பீகார், ஒடிசா தோழர்களின் பெயர்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். ஒரு எழுத்துப் பிசகால் பி.எப். பணம் மாதக்கணக்கில் நிற்கிறது.

கிராமத்துத் தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செல்போன் செயலியில் படம் பிடித்து வருகை போடுவது கட்டாயமானது. சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்தவர் வராதவரானார். விவசாயத் தொழிலாளர் கிளை தன் கையால் ஒரு வருகைப் பட்டியல் வைத்திருந்தால் அதிகாரியிடம் வாதாட ஒரு பிடி கிடைக்கும்.

காகித நோட்டே போதும் என்று சில மூத்த தோழர்கள் சொல்கிறார்கள். நோட்டு இருக்கட்டும், அதை நாம் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் 2,000 பேர் சந்தா நோட்டில், ஐந்து வருஷம் நிறைகிறவர் யார் யார் என்று தேட எத்தனை இரவு வேண்டும்?

கிளைகள் இந்த மாதமே கணக்கை இரண்டு பென் டிரைவில் நகலெடுத்து, இரண்டு தோழர்கள் வீட்டில் வைக்கட்டும். பழைய கம்ப்யூட்டரை அதுவரை காயலான் கடைக்குப் போட வேண்டாம்.