மில் கழித்த தறி

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். மில்காரர் கழித்துவிட்ட நெசவு யந்திரத்துக்கும் இப்பழமொழி ஒருவாறு பொருந்தும். பம்பாய் மில்கள் பழசென்று தள்ளிய தறிகளை வாங்கிப் பிவண்டி, மாலேகாவ் முதலிய ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் ஜீவனம் நடத்தின. 1982 ஜனவரியில் பம்பாயில் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்தால் மில்கள் முடங்கியபோது, நெசவு வேலையில் பெரும்பங்கு அந்தச் சிறு கொட்டகைகளையே நாடிச் சென்றது.

இத்தகைய தறியை வாங்குகிறவர் பெரும்பாலும் கடன்பட்டே வாங்குகிறார். ஆகையால் அது செய்யும் வேலை இன்னதென்று முன்னதாக அறிந்துகொள்வது நலம்.

வேலை மூன்றே. விழுதுகள் பாவு இழைகளில் ஒரு பாதியை உயர்த்தி, மறு பாதியைத் தாழ்த்தி வழி திறக்கின்றன. அவ்வழியே ஊடை நூலைச் சுமந்து நாடா பாய்கிறது. பிறகு சீப்புப் போன்ற அச்சு, அந்த இழையை நெய்த துணியோடு சேர்த்து அடிக்கிறது. கையும் காலும் செய்த இவ்வேலைகளை யந்திரத்திடம் ஒப்புவிக்க முயன்று, 1785-ல் காப்புரிமை பெற்றவர் எட்மண்ட் கார்ட்ரைட் என்னும் ஆங்கிலப் பாதிரியார். சாதாரண விசைத்தறியில் மேல்தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் அச்சு ஒரு முறை அடிக்கும். கீழ்த்தண்டோ அதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். அதன் ஒரு சுற்றுக்குள் நாடா போய்த் திரும்பிவிடும்.

இந்தத் தாளம் பிசகினால் வந்தது ஆபத்து. நாடா உரிய காலத்தில் எதிர்ப்பெட்டி சேராமல் நடுவில் நின்றுவிட்டால், அச்சின் அடுத்த அடியில் பாவு இழைகள் கொத்தாக அறும். நாடா தவறி வெளியே பறந்தால், அருகே நிற்பவரின் கண்ணே போகக்கூடும். அதற்காகத்தான் நாடா பெட்டிக்குள் புகாதபோது தறியை நிறுத்தும் ஏற்பாடும், ஊடை அறுந்தால் நிறுத்தும் முள்ளும், நாடாவைத் தடுக்கும் காப்புக் கம்பியும் வைத்திருக்கிறார்கள். பழைய தறிகளில் முதலில் காணாமற் போவன இவையே!

எனவே, புதுச் சாயம் பூசிய சட்டத்தைக் கண்டு மயங்க வேண்டாம். பற்சக்கரங்களின் தேய்வையும், தண்டுகளின் ஆட்டத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெறுந்தறியை ஓட்டிக் காட்டினால் போதாது. பாவு ஏற்றி நெய்யச் சொல்லுங்கள். ஓடும்போதே ஊடையை அறுத்துவிடச் சொல்லுங்கள். தறி தானே நிற்கிறதா என்று கவனியுங்கள்.

இக்காலத்தில் ஐரோப்பாவில் உழைத்து ஓய்ந்த நாடாவில்லாத் தறிகளும் கப்பலேறி இந்தியாவுக்கு வருகின்றன. அவற்றுள் ரேப்பியர் தறியில், நாடாவுக்குப் பதிலாக ஒரு கரம் ஊடையைப் பற்றிக் கொண்டுபோகிறது. அதை வாங்குகிறவர், உதிரிப் பாகம் கிடைக்குமா, பழுது பார்க்க உள்ளூரில் ஆள் உண்டா என்றும் விசாரிக்க வேண்டும்.

தறி நின்றுபோனால் விற்றவருக்கு நஷ்டமில்லை. வாங்கிய குடும்பத்துக்கோ, தறி நின்றாலும் வட்டி நிற்பதில்லை.