பாலைமலை தீட்டப் புறப்பட்ட பிள்ளை

“ஒரகடம் தொழிற்சாலையில் பணியாற்றும் என் மகன், வேலையை உதறிவிட்டு லடாக் மலைகளைத் தீட்டப் போவதாகக் கூறுகிறான்” என்று ஸ்ரீபெரும்புதூர் சகோதரி ஒருவர் வருந்தி எழுதியுள்ளார்.

அன்புச் சகோதரியே, இது பித்தன்று. பீட்டர்ஸ்பர்க், லண்டன், நியூயார்க் என்று பெருநகரங்களில் வாழ்ந்த ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக், 1925-இல் லடாக் வழியே காரகோரம் கடந்து நடு ஆசியப் பாலைகளுக்குச் சென்றார். 1928-இல் குலுப் பள்ளத்தாக்கின் நக்கரில் குடியேறி, 1947-இல் மறையும்வரை மலைகளையே தீட்டினார். உயரமும் வறட்சியும் சேர்ந்த லடாக்கில் காற்றில் ஈரம் மிகக் குறைவு. ஆதலால் தொலைமலையும் கூர்மையாகத் தெரியும். நிழல்கூடக் கருமையாயிராது; நீலமாகவும் ஊதாவாகவும் தோன்றும். பளபளப்பற்ற டெம்பரா வண்ணம் அதற்கு நன்கு பொருந்திற்று.

ஆயினும் வயிற்றுப்பாடு உண்டே! 1966-இல் சென்னையை அடுத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தோர், மெழுகிட்டுச் சாயமேற்றிய பாத்திக் துணிகளை விற்றே தூரிகை பிடித்தனர். ஓவியர் சுல்தான் அலியும் அங்கு வாழ்ந்தவர்தாம்.

பெங்களூர் சித்ரகலா பரிஷத்தில் ரோரிக்கின் ஓவியங்கள் உள்ளன. தங்கள் ஊர் நெடுஞ்சாலையே அங்கு இட்டுச்செல்லும். விடுமுறையில் மகனுடன் தாங்களும் சென்று பாருங்கள். வேலையை விடுவது பற்றித் திரும்பி வந்து பேசுங்கள்.