பழைய ஆட்டத்தில் ஒளிந்திருக்கும் கணக்கு

காணொளி விளையாட்டு நேரத்தை வீணாக்கும் என்று பெற்றோர் சொல்வது முழுத் தவறில்லை. படத்தின் அழகை மட்டும் பார்த்து ஆடினால் வீண்தான். மாணவர்களே, பாத்திரமேற்று ஆடும் பழைய ஆட்டம் ஒன்றையாவது ஆடிப் பாருங்கள். கணினி எண்ணும் விதம் அதில் வெளியே தெரியும்.

1996இல் ஜப்பானில் கேம் பாய் கருவிக்கு வந்த முதல் போக்கிமோனில், நூறு விழுக்காடு துல்லியமான தாக்குதலும் எப்போதாவது குறி தவறும்! ராசியில்லை என்று விட்டுவிடாதீர்கள். காரணம் ஒரே ஒரு பைட். எட்டு பிட்களில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். நூறு விழுக்காட்டை அந்த ஆட்டம் 255 என்று வைத்திருந்தது. தாக்கும்போது 0 முதல் 255க்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கும். அது 255ஐவிடச் சிறியதானால் அடி விழும். 255ஏ வந்துவிட்டால்? சிறியது இல்லையே, தவறிவிடும். 256இல் ஒரு வாய்ப்பு. 'சிறியது', 'சிறியது அல்லது சமம்' என்ற குறிகளைத் தேர்வில் மாற்றிப் போடும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

1986இல் வந்த டிராகன் குவெஸ்ட் முழுவதுமே 64 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அன்றைய ஜப்பானியப் பதிப்பில் ஆட்டத்தைச் சேமிக்க இடமில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர, திரையில் தோன்றும் 20 எழுத்துகளைத் தாளில் எழுதிவைக்க வேண்டும். வீரனின் பெயர், அனுபவப் புள்ளி, தங்கம் எல்லாம் அந்த இருபதுக்குள் அடக்கம்.

இந்த ஆட்டம் இப்போது கைப்பேசியிலும் கிடைக்கிறது. ஆடும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, எத்தனை அடி விழுந்தது, எத்தனை தவறியது என்று குறித்துவாருங்கள்.