சராசரியும் காத்திருப்பும்

பங்குக் கிணற்றில் நீர் எவ்வளவு உண்டு என்று அறிவது வேறு. தம் முறை வரும்வரை ஒருவர் எவ்வளவு நேரம் காத்து நிற்கின்றார் என்று அறிவது வேறு. கணினி நிலையங்களின் தரவுச் சேமிப்பகத்தை மேற்பார்வை செய்வோர் பலர் முன்னதை அளந்து பின்னதை மறந்துவிடுகின்றனர் என்பது எமது கருத்து.

ஒரு சேவையகக் கொத்தணியில் மெய்நிகர் கணினிகள் பல ஒரே சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிவட்டு உளதென்றே இயங்கும். தனித்தனியே ஒழுங்காகப் புறப்படும் வேண்டுகோள்கள் சேமிப்பகத்தை அடையுங்கால் ஒன்றோடொன்று கலந்து ஒழுங்கிழக்கின்றன. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்வட்டிலே வேண்டிய இடம் வந்து சேர, அரைச் சுற்றுக்குரிய 4 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல் சராசரியாகக் கழியும். வாசிப்புமுனை நகரும் நேரம் வேறு. ஆதலின் காப்புப் பிரதி எடுக்கும் ஒரு கணினி ஏனையவற்றையெல்லாம் காக்கவைக்க வல்லது. திண்மநிலை வட்டுக்கள் மிக விரைந்தனவேயெனினும், வேண்டுகோள்கள் மிகுந்துழி அவற்றின் முன்னும் வரிசை நீளும்.

இந்நிலையிற் சராசரித் தாமதத்தை மட்டும் நம்புதல் தகாது. 1,000 வேண்டுகோள்களுள் 980 ஒவ்வொரு மில்லிசெக்கனிலும், எஞ்சிய 20 தலைக்கு 250 மில்லிசெக்கனிலும் முடிந்தனவெனக் கொள்வோம். சராசரி 6 மில்லிசெக்கனுக்கும் குறைவே. ஏட்டிலே குறை தோன்றாது. ஆயின் அவ்விருபதும் ஒருவருடைய கருமத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நேர்ந்தனவெனின், அவர் 5 செக்கன் வாளாவிருத்தல் வேண்டும். அவர் முறையிடும்போது, "எல்லாம் சீராகவே உள்ளன" என்று விடை கூறுவது நீதியாகுமா? நூற்றுக்கு 99 வேண்டுகோள்கள் எவ்வளவு நேரத்துள் முடிந்தன என்று பார்த்திருப்பின் 250 என்னும் எண் உண்மையை உரைத்திருக்கும்.

நுணுகி அளத்தலே சுமையாகும் என்பாரும் உளர். தாமதங்களைச் சில வகுப்புக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வீழ்வனவற்றின் தொகையை மட்டும் பதிந்தால் அச்சுமை சிறிதே.

தாமதம் எங்கே நேர்ந்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும். வீஎம்வெயார் நிறுவனத்தாரின் ஈஎஸ்எக்ஸ்டாப் என்னும் கருவி, வட்டின் பக்கத்துத் தாமதத்தையும் மெய்நிகராக்கும் மென்பொருளினுள் நேரும் தாமதத்தையும் வேறுபிரித்துக் காட்டும். மேலும், 1961இல் ஜோன் லிற்றில் நிறுவிய விதிப்படி, முடிவுறாது நிற்கும் வேண்டுகோள்களின் தொகை, செக்கனுக்கு வருவனவற்றின் தொகையை ஒவ்வொன்றும் தங்கும் நேரத்தாற் பெருக்கியதற்குச் சமம். எனவே வரவு கூடாதிருக்க வரிசை நீண்டதாயின் சேமிப்பகம் தளர்ந்ததென்க. வரவு கூடியதாயின் கூட்டிய கணினி எதுவெனத் தேடுக.

இவற்றை ஆராயாது புதிய வட்டுக்கள் வாங்குவோர், பிணியறியாது மருந்து வாங்குவோரை ஒப்பர். பொருள் செலவாகும், காத்திருப்பு மாறாது. வட்டு வாங்கப் பணம் கோருவோரிடம், ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் காத்திருந்த நேரத்தின் கணக்கை நிலையத் தலைவர்கள் முதலிற் கேட்பார்களாக.