தூங்கி விழும் பிள்ளையை எழுப்பும் முன்

ஆம்பூரை ஒட்டிய எங்கள் காலனியில் மாலை நேரப் படிப்பகம் ஒன்றை நடத்துகிறோம். ஆய்வு வேலை இல்லாத நாட்களில் நான் அங்கே கணக்கு சொல்லித் தருகிறேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் ஏழரை மணிக்கெல்லாம் நோட்டின் மீதே தலை சாய்த்துவிடுவான். ஒருநாள் பொறுமை இழந்து அவனை உலுக்கி எழுப்பினேன். சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "அவர் எப்படிக் கண்முழிச்சுப் படிச்சாருன்னு தெரியுமாடா?" என்றேன். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னான்: "ராத்திரி தண்ணி வந்துச்சுண்ணா."

அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை. இருபது வருடங்களுக்கு முன்பு இதே போல வகுப்பில் தூங்கி விழுந்தவன் நான். "உங்க வீட்ல ராத்திரி எல்லாம் இன்னாதான் பண்றீங்க?" என்று கேட்டார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. 'உங்க வீடு' எந்தப் பக்கம் என்று அவருக்கும் தெரியும், சிரித்தவர்களுக்கும் தெரியும். அன்று அவர் கேட்ட கேள்வியைத்தான் நான் அந்தப் பையனிடம் வேறு சொற்களில் கேட்டிருக்கிறேன்.

குழந்தை வளர்ப்பு பற்றிய அறிவுரைகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. நேரத்துக்குப் படுக்க வையுங்கள், விளக்கை அணையுங்கள், அறையை அமைதியாக வையுங்கள், கைப்பேசியைப் பிடுங்குங்கள். எல்லாம் சரிதான். ஆனால் குழந்தைக்கென்று ஓர் அறையும், மாலையில் வீட்டில் இருக்கும் பெற்றோரும் உண்டு என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை அவை. அப்படி இல்லாத வீட்டில் பிள்ளை தூங்காவிட்டால் பழி குடும்பத்தின் மேல் விழுகிறது. 'அவங்களுக்கு வளர்க்கத் தெரியல' என்ற ஒற்றை வரியில் கதை முடிந்துவிடுகிறது.

முதலில் தூக்கம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும். 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரம். 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும், பதின்பருவத்தில் 8 முதல் 10 மணி நேரமும் தேவை என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. உடல் வளர்ச்சிக்கான ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. பகலில் படித்தது நினைவில் நிலைபெறுவதும் தூக்கத்தில்தான். இன்னொன்றும் உண்டு. தூக்கம் கெட்ட பெரியவர் சோர்ந்து உட்காருவார். தூக்கம் கெட்ட குழந்தையோ பல நேரம் துறுதுறுவென்று அலையும், எரிந்து விழும், ஓரிடத்தில் உட்காராது. வகுப்பறையில் அதற்கு வைக்கும் பெயர் 'அடங்காதவன்'. சேரிப் பிள்ளைகளைப் பற்றி ஏற்கெனவே ஒரு தீர்ப்பை எழுதி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட வசதியான சாட்சி வேறு எது?

இனி அந்தப் பையனின் இரவுக்கு வருவோம். அவன் அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறார். கம்பெனி பஸ் அவரை இறக்கிவிடும்போது மாலை ஏழு மணி. அதன் பிறகு அடுப்பு. சாப்பாடு முடிய ஒன்பதரை. வீட்டில் இருப்பது ஒரே அறை, ஒரே டியூப் லைட். ஆயா ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைப்பவர். மாலையில் ஏஜென்ட் கொண்டுவந்து போடும் கட்டை மறுநாள் காலை அவர் வருவதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். அதனால் பதினோரு மணிவரை விளக்கு எரிகிறது. மேலே சிமென்ட் ஷீட், பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் கீழே இறக்குகிறது. வேலூர் வட்டாரத்து வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். குடம் பிடிக்க ஆள் வேண்டும், பையன் எழுகிறான். ஐந்து மணிக்கு அம்மா எழுந்தால் விளக்கும் எழுந்துவிடும். ஆக மொத்தம் அவனுக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம், அதுவும் இரண்டு துண்டாக. குறைந்தபட்சத் தேவையான 9 மணி நேரத்தில் தினமும் நான்கு மணி நேரம் குறைகிறது. ஆறு நாளில் அது ஒரு முழு நாள்.

இதில் எந்த மணி நேரம் அந்தக் குடும்பத்தின் தவறு?

இங்கே சாதி எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். ஏழை எல்லோருக்கும் இதே நிலைதானே என்பார்கள். பீடி சுற்றும் இஸ்லாமியக் குடும்பங்களிலும், வேறு சாதி ஏழைகளின் வீடுகளிலும் பிள்ளைகள் தூக்கம் இழப்பது உண்மை. ஆனால் ஒரு குழந்தை எங்கே தூங்குகிறது என்பதை முதலில் தீர்மானிப்பது நிலம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை எழுதியதிலிருந்து இன்றுவரை ஒடுக்கப்பட்ட மக்களின் நிலக் கேள்வி முடியவில்லை. ஊருக்கு நத்தம் விரிந்தது, காலனிக்கு இரண்டு மூன்று சென்ட் பட்டாவோடு எல்லை போடப்பட்டது. அந்த இடத்தில் மூன்று தலைமுறை பெருகியது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு வீட்டின் இருமல் மறு வீட்டைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது.

அடுத்தது தொழில். தோலைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன சமூகம்தான் உரிக்கவும் ஊறவைக்கவும் ஒரு பகுதி மக்களை ஒதுக்கியது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாம் ஏற்றுமதி நகரங்கள் ஆன பிறகும், சுண்ணாம்புக் குழியிலும் டிரம்மிலும் இறங்கும் கைகள் பெரும்பாலும் அதே மக்களின் கைகளாகவே இருக்கின்றன. கழிவு போய்ச் சேர்ந்ததும் அவர்கள் குடியிருக்கும் பக்கம்தான். பாலாற்று நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் அந்த நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கிணறு கைவிட்டது, குழாய்த் தண்ணீரை நம்பும் நிலை வந்தது. நள்ளிரவில் குடத்தோடு நிற்கும் பையனுக்கும் அந்தத் தீர்ப்புகளுக்கும் இடையே இருக்கும் தொடர்பு இதுதான்.

தூக்கத்தின் மேல் இந்தத் தொழில் ஏறி நின்றதற்கு இன்னும் கொடிய சாட்சி ஒன்று உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் படுத்திருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வேலை செய்த இடத்தைத் தவிர அவர்களுக்குத் தலை சாய்க்க வேறு இடமில்லை.

வசதியற்றவர்களின் தூக்கம் எவ்வளவு துண்டுதுண்டானது என்பதற்குச் சென்னையிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. குறைந்த வருமானம் உள்ள 452 பேரின் கையில் கருவி கட்டி அளந்து, 2021இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் இரவில் சுமார் 8 மணி நேரம் படுத்திருந்தும் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரமே. அறிவுரையும் கண் மறைப்பும் காதடைப்பானும் விசிறியும் கொடுத்ததில் சுமார் அரைமணி நேரம் கூடியது. ஆனால் அந்தக் கூடுதல் அரைமணியால் அவர்களின் வேலையிலோ நலத்திலோ பெரிய மாற்றம் வரவில்லை. பலன் தந்தது வேறொன்று: வேலை இடத்தில், அமைதியான நல்ல படுக்கையில், பகலில் போட்ட குட்டித் தூக்கம். பெரியவர்களிடம் நடந்த ஆய்வுதான், அப்படியே குழந்தைகளுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் வெறும் மணிக்கணக்கைக் கூட்டினால் போதாது, தூங்கும் இடமும் சேர்ந்து மாற வேண்டும் என்று நினைக்க அது இடம் தருகிறது.

இப்போது நம் பக்கம் திரும்புகிறேன். அண்ணல் அம்பேத்கரின் பிள்ளைப் பருவத்தை நாம் மேடைதோறும் சொல்கிறோம். பம்பாய் பரேலில் தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறை. எல்லோரும் படுக்க இடமில்லை. தந்தை ராம்ஜி மகனை முன்னிரவில் படுக்க வைத்துவிட்டு, இரவு இரண்டு மணிவரை தான் விழித்திருப்பார். பிறகு மகனைப் படிக்க எழுப்பிவிட்டு, மகன் படுத்த இடத்தில் அவர் படுப்பார். இந்தக் கதையை நாம் எப்போதும் 'கண்விழித்துப் படித்தார்' என்று முடிக்கிறோம். முன்பாதியை விட்டுவிடுகிறோம். அந்தத் தந்தை முதலில் செய்தது மகனைத் தூங்க வைத்தது. அறையில் இருந்த ஒரே இடத்தை, தன் தூக்கத்தைக் கொடுத்து, மகனுக்கு வாங்கினார். ஒரு குடும்பம் செய்யக்கூடிய உச்சம் அது. ஆனால் அப்படி ஒரு தந்தை இருந்தால்தான் பிள்ளை படிக்க முடியும் என்ற நிலையை எந்த இயக்கமும் பெருமையாகச் சொல்லக் கூடாது. அந்த ஒற்றை அறையின் மேல் நமக்கு வர வேண்டியது கோபம்.

குடும்பத்தின் மேல் பழியே இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் பிடிக்க எழுபவர்களைக் கணக்கெடுத்தால் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள்தான். அண்ணனைத் தூங்க விட்டு தங்கையை எழுப்புகிறோம். வீட்டிலேயே குறைவாகத் தூங்குபவர் அம்மா. குடித்துவிட்டு பதினோரு மணிக்கு வந்து கதவைத் தட்டும் அப்பா எத்தனை பிள்ளைகளின் இரவைக் கெடுக்கிறார் என்பதை நாம் பேசத் தயங்குகிறோம். சத்தம் வரும் என்று பயந்து படுத்திருக்கும் குழந்தைக்குப் பாயும் தலையணையும் இருந்தும் தூக்கம் வராது. சாதியை எதிர்க்கும் நாம் வீட்டுக்குள் ஆணின் தூக்கத்துக்கு மட்டும் காவல் நிற்க முடியாது. இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் சட்டம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலையை 48 ஆகக் குறைத்த 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தை, தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது கொண்டுவந்தவர் அம்பேத்கர். தொழிலாளியின் வேலை நேரம் குறைந்தால் அவர் பிள்ளையின் இரவு நீளும். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் ஆலைகளுக்கு 12 மணி நேர வேலையை அனுமதிக்கும் மசோதா நிறைவேறியபோது எதிர்ப்பு எழுந்தது, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் உற்பத்தி பேசப்பட்டது, முதலீடு பேசப்பட்டது, தொழிலாளியின் உடல்கூடப் பேசப்பட்டது. அம்மா எட்டு மணிக்கு வந்தால் பிள்ளை எத்தனை மணிக்குச் சாப்பிட்டு எத்தனை மணிக்குத் தூங்கும் என்ற கேள்வி போதுமான அளவு எழவில்லை. ஒன்றிய அரசு 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஒப்புதல் பெற்றுப் பெண்களை இரவு வேலைக்கு அமர்த்த வழி செய்கின்றன. இந்தப் பகுதியில் அந்த ஒப்புதல் எப்படி வாங்கப்படும், இரவில் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பதை இப்போதே கேட்க வேண்டும்.

குழந்தைக் காப்பகம் புதிய கோரிக்கை அல்ல. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு சட்டத் திருத்தமும் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஆயாவைப் போல வீட்டில் தைப்பவருக்கு இதில் எதுவும் இல்லை. அவர் வீடுதான் கம்பெனி, ஆனால் கம்பெனியின் கணக்கில் அவர் இல்லை. ஜோடிக்குச் சில ரூபாய் கூலிக்காக ஆம்பூரில் பெண்கள் தைப்பதை 2016இலேயே தொழிலாளர் நல அமைப்புகள் அறிக்கையாக வெளியிட்டன. வீட்டிலிருந்து உழைப்பவர்களைக் காக்கும் உலகத் தொழிலாளர் அமைப்பின் 1996ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. கூலி உயர்ந்தால் இரவு பதினோரு மணிவரை தைக்க வேண்டியதை எட்டு மணிக்கு முடிக்கலாம். ஒரு வீட்டில் விளக்கு அணைவது இப்படித்தான்.

அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், விடியலில் வேலைக்குப் போகும் தாயின் நிலையைப் பசி என்ற கோணத்தில் புரிந்துகொண்டது. அதே புரிதலைத் தூக்கத்துக்கும் நீட்ட வேண்டும். தோல் பகுதிக் குடியிருப்புகளுக்குப் பகலில் குடிநீர். காலனிகளுக்குக் கூடுதல் வீட்டுமனை. புதிதாகக் கட்டித் தரும் வீடுகளில் வெப்பம் தாங்கும் கூரையும் இரண்டாவது அறையும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டிலும் கொசுவலையும். வீட்டில் தைப்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி. இவற்றைத் தனித்தனி மனுக்களாக எழுதி வந்திருக்கிறோம். ஒரு குழந்தையின் ஒன்பது மணி நேரம் என்ற ஒரே தலைப்பில் எழுதிப் பாருங்கள், எல்லாம் ஒரே கோரிக்கை என்பது தெரியும்.

அதுவரை படிப்பகத்தில் ஒன்று செய்திருக்கிறோம். பின்பக்க அறையில் மூன்று பாய் விரித்து ஒரு மின்விசிறி மாட்டியிருக்கிறோம். பள்ளி விட்டு வந்ததும் யாருக்குத் தூக்கம் வருகிறதோ அவர்கள் ஒரு மணி நேரம் படுக்கலாம். யாரும் எழுப்ப மாட்டோம். முதல் வாரம் பெற்றோர் சிலர் சண்டைக்கு வந்தார்கள், "படிக்க அனுப்புனா தூங்க வெக்கறீங்களே" என்று. இப்போது வருவதில்லை. அந்த ஆறாம் வகுப்புப் பையன் ஏழரை மணிக்குப் பின்னம் போடுகிறான். சில நாள் தப்பாகத்தான் போடுகிறான். ஆனால் விழித்திருக்கிறான்.

மூன்று பாய் காலனிக்குப் போதாது என்று எங்களுக்குத் தெரியும். குழாயில் இப்போதும் இரண்டு மணிக்குத்தான் தண்ணீர் வருகிறது.